அல்சேஷன் நாயை மீட்பது, வைத்திருப்பது, வீடு தேடிக் கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெஹிவளையில் எங்கள் வீட்டு முன்விறாந்தையில் ஒரு சாக்குக் கட்டில் இருக்கிறது. கட்டில் அதேதான், அதில் படுக்கும் அல்சேஷன் மட்டும் மாறிக்கொண்டிருக்கும். நாங்கள் பதிவு செய்த சங்கம் எதுவும் இல்லை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, வத்தளை, நுகேகொடை என்று சிதறிக் கிடக்கும் சில குடும்பங்கள். ஒருவர் நாயைப் பிடிப்பார், ஒருவர் வைத்தியரிடம் கொண்டு ஓடுவார், ஒருவர் சில மாதம் வீட்டில் வைத்திருப்பார். என் பங்குக்கு வந்தது தொலைபேசி.

கேட்கிறவர்கள் புதியவர்கள், கேள்விகள் பழையவை. அதனால் அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி வைக்கிறேன். மருந்து பற்றி நான் சொல்வது நாய் வளர்த்தவளின் பேச்சு. முடிவு சொல்ல வேண்டியவர் மிருக வைத்தியர்.

அல்சேஷன், ஜேர்மன் ஷெப்பர்ட் இரண்டும் ஒன்றா, வேறா?

ஒன்றுதான். 1899இல் ஜேர்மனியின் குதிரைப்படை அதிகாரி மக்ஸ் ஃபொன் ஸ்டெபானிட்ஸ், ஹொராண்ட் என்று தான் பெயரிட்ட ஒரு மந்தை நாயை வைத்து இந்த இனத்தைப் பதியத் தொடங்கினார். முதலாம் உலகப் போர் முடிந்த நேரம் பிரித்தானியாவில் 'ஜேர்மன்' என்ற சொல்லுக்கே ஆகாது. ஆகவே ஜேர்மனி, பிரான்ஸ் எல்லையில் இருக்கும் அல்சாஸ் பகுதியின் பெயரை நாய்க்குச் சூட்டிவிட்டார்கள். நாய் இனங்களைப் பதியும் பிரித்தானியக் கெனல் கிளப் 1977இல் பழைய பெயரைத் திரும்பக் கொடுத்தது. கொழும்பில் நாங்கள் இன்னும் அல்சேஷன் என்றே சொல்கிறோம்.

பெயரை விடுங்கள், தொழிலைப் பாருங்கள். நாள் முழுவதும் இடையனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மந்தையைச் சுற்றி நடப்பதற்காக உருவாக்கிய நாய் இது. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இந்த ஒரு வரியில் இருக்கிறது.

எங்களிடம் வந்திருப்பது சுத்தமான அல்சேஷன்தானா? ஒரு காது விழுந்திருக்கிறது.

காது வழக்கமாக நாலு முதல் ஆறு மாதத்துக்குள் நிமிரும். குட்டியில் போசாக்குக் குறைந்தாலோ, காதில் புண் வந்தாலோ, மரபிலேயே அப்படியிருந்தாலோ விழுந்தே கிடக்கும். இலங்கைக் கெனல் சங்கத்தின் பதிவுத் தாள் இல்லாத நாயைச் சுத்தம் என்றோ கலப்பு என்றோ நான் சத்தியம் செய்ய மாட்டேன். கலப்பென்றால் திருப்பித் தருவீர்களா என்று உங்களைத்தான் நான் கேட்பேன்.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய நாயை யார் விடுவார்கள்? நாயில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும்.

கோளாறு பெரும்பாலும் வீட்டில்தான். 2022இல் ரூபாய் விழுந்தபோது இறக்குமதி செய்த நாய் உணவின் விலை எங்கோ போனது. நாட்டை விட்டுப் போனவர்களின் வரிசையும் நீண்டது. அந்த வருடம் இரவு பத்து மணிக்கு மேல் வந்த அழைப்புகளில் பாதி, "நாளை மறுநாள் எங்களுக்கு விமானம்" என்று தொடங்கியவை. தனி வீட்டை விற்றுத் தொடர்மாடிக்குப் போகிறவர்கள் உண்டு. ஐயா காலமாகி, பிள்ளைகள் ரொறொன்ரோவில் இருக்க, நாயும் வேலைக்காரம்மாவும் மட்டும் மிஞ்சிய வீடுகள் உண்டு. குட்டி போட்டுக் களைத்த பெட்டை நாயை வியாபாரிகள் தெருவில் இறக்கிவிட்டுப் போவதும் உண்டு. அதைச் சொல்ல எனக்குக் கோபம் வரும்.

மற்றவர்கள், நாய் இவ்வளவு வளரும் என்று நினைக்காதவர்கள். கடுவன் 30 முதல் 40 கிலோ, பெட்டை 22 முதல் 32 கிலோ. கையில் ஏந்திப் படம் எடுத்த குட்டி ஒரு வருடத்தில் சோபாவை நிரப்பிவிடுகிறது.

காலி வீதியில் ஒரு அல்சேஷன் அலைகிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

துரத்தக் கூடாது. பயந்த நாய் பஸ்ஸைப் பார்ப்பதில்லை. பக்கத்துப் பேக்கரியில் ஒரு சொசேஜ் பணிஸ் வாங்கி, சொசேஜை மட்டும் உருவிக்கொள்ளுங்கள். நாய்க்குப் பக்கவாட்டாகக் குந்தியிருந்து, கண்ணை நேரே பாராமல், துண்டு துண்டாக எறியுங்கள். ஒவ்வொரு துண்டும் முந்தியதைவிட உங்களுக்குக் கொஞ்சம் கிட்ட விழ வேண்டும். கயிற்றில் சுருக்குப் போட்டு, நாய் தலையைத் தானாக நீட்டும்போது மாட்டுங்கள். தலைக்கு மேலால் கையைக் கொண்டுபோகாதீர்கள். அறியாத கை மேலிருந்து வருவதை எந்த நாயும் விரும்பாது. எச்சில் வடிய, தள்ளாடி நடந்து, குரல் மாறி, எதிரில் இருப்பதையெல்லாம் கடிக்கப் பார்க்கும் நாய் என்றால் கிட்டவே போகாதீர்கள். ஆட்களை விலக்கிவிட்டு மாநகர சபைக்கு அறிவியுங்கள். அது விசர் நாயாக இருக்கலாம்.

பிடித்த பிறகு கழுத்தைத் தடவிப் பாருங்கள். மயிர் தேய்ந்த வளையம் இருந்தால் நேற்றுவரை பட்டி போட்டிருந்த நாய். தோலுக்குள் வைக்கும் அடையாளச் சில்லு, அதாவது மைக்ரோசிப் இருக்கிறதா என்று வைத்தியரிடம் கருவியால் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அந்த வீதியின் முச்சக்கர வண்டித் தரிப்பிடத்துக்குப் போங்கள். எந்த வீட்டு நாய், எப்போது கேற் திறந்து கிடந்தது, யார் காரில் வந்து இறக்கிவிட்டார்கள் என்பதெல்லாம் அங்கே தெரிந்திருக்கும். வட்ஸ்அப் குழுக்களை நான் அதற்குப் பிறகுதான் நம்புவேன்.

தீபாவளி, டிசம்பர் 31, சித்திரை வருடப் பிறப்பு ஆகியவற்றுக்கு மறுநாள் கண்டெடுக்கும் நாயை "கைவிட்ட நாய்" என்று உடனே எழுதிவிடாதீர்கள். வெடிச் சத்தத்துக்கு மதில் பாய்ந்து ஓடி வந்ததாக இருக்கும். எங்கேயோ ஒரு வீட்டில் அழுதுகொண்டிருப்பார்கள்.

என்னுடைய நாய் என்று ஒருவர் வந்து நிற்கிறார். எப்படி நம்புவது?

அல்சேஷன் விலை போகும் நாய் என்பதால் சொந்தம் கொண்டாட ஆட்கள் வருவார்கள். நாங்கள் படம் போடும்போது ஒரு அடையாளத்தை மறைத்துவிடுவோம்: வயிற்றுத் தழும்பு, உடைந்த பல், வெள்ளை விரல். வருகிறவர் அதைச் சொல்ல வேண்டும். பழைய படங்கள், தடுப்பூசி அட்டை, மாநகர சபைப் பதிவு எதுவானாலும் காட்டலாம். 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டப்படி வருடாவருடம் நாயைப் பதிய வேண்டும். பதிந்தவர்கள் குறைவு என்பது வேறு கதை.

நாயிடமும் ஒரு வாக்கு உண்டு. உண்மையான சொந்தக்காரரைக் கண்டால் அது படும் பாட்டைப் பார்த்த பிறகு தாள் கேட்கத் தோன்றாது. யாரும் வராவிட்டால் இரண்டு கிழமை காத்திருந்த பிறகே வேறு வீடு தேடுவோம்.

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். குளிக்க வார்த்து, வயிறு நிறையச் சாப்பாடு கொடுக்கலாமா?

இரண்டும் வேண்டாம். அறியாத இடத்தில், அறியாத கையால், தண்ணீர்க் குழாய் எதற்கு? தண்ணீர்ச் சட்டி, பழைய விரிப்பு, அமைதியான ஒரு மூலை போதும். பல நாள் பட்டினி கிடந்த நாய்க்கு ஒரேயடியாகச் சோறு போட்டால் உடம்பு தாங்காது. கஞ்சியாகக் குழைத்த சோறும் அவித்த கோழியும், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, கைப்பிடி அளவில் கொடுங்கள்.

வீட்டில் வேறு நாய் இருந்தால் இரண்டு கிழமை அறிமுகமே வேண்டாம். சட்டியும் வேறு, நடக்கிற பாதையும் வேறு. பார்வோ, டிஸ்டெம்பர் என்ற நாய்த் தொற்று நோய்கள் இரண்டும் வெளியே தெரியாமல் சில நாள் உள்ளே இருக்கும். பார்வோக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், சவர்க்காரத்துக்கு அசையாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து சீமெந்துத் தரையைக் கழுவுங்கள்.

உண்ணிக் காய்ச்சல் என்கிறார் வைத்தியர். உண்ணி எல்லா நாய்க்கும் இருப்பதுதானே?

எல்லா நாய்க்கும் இருப்பதுதான். அல்சேஷனைத்தான் அது தூக்கிப் போடும். எர்லிக்கியா என்ற கிருமி உண்ணி வழியாக இரத்தத்துக்குள் போகிறது. ஊர் நாய் இரண்டு நாள் சோம்பிக் கிடந்து எழும்பிவிடும். அல்சேஷனில் அதே நோய் நாட்பட்டுப் போய் எலும்பு மச்சையையே தாக்குவது அதிகம் என்பது உலகம் முழுவதும் மிருக வைத்தியர்கள் அறிந்த விஷயம். சாப்பாட்டை மணந்துவிட்டுத் திரும்புவது, ஈறு வெளுப்பது, மூக்கால் இரத்தம் வடிவது, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் இவற்றில் எதைக் கண்டாலும் அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இரத்தத் தட்டுக்கள் குறைந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

மருந்து வழக்கமாக டொக்சிசைக்கிளின், 28 நாள். ஐந்தாம் நாளே நாய் துள்ளும், ஆட்களும் மருந்தை நிறுத்திவிடுவார்கள். பிறகு எனக்குத் தொலைபேசி வரும். நோயைக் கொடுத்த கபில நிற உண்ணி உங்கள் சுவர் வெடிப்பிலும் கதவு நிலையிலும் முட்டை இட்டுக்கொண்டிருக்கும். நாய்க்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டுச் சுவரை விட்டால் அடுத்த மாதம் பழைய கதைதான். மண்ணெண்ணெய் பூசாதீர்கள்; தோல் வெந்துவிடும். கடையில் யாரோ சொன்னார் என்று ஐவர்மெக்டின் ஊசியும் வேண்டாம். சில அல்சேஷன்களின் மரபணுவில் ஒரு குறை உண்டு. அந்த மருந்து அளவு கூடினால் அவற்றின் மூளைக்குள் போய் நாயைச் சாய்த்துவிடும்.

உடம்பு சுடுகிறது என்று அரைப் பனடோல் கொடுத்தேன். பரவாயில்லையா?

இனிக் கொடுக்காதீர்கள். என்ன அளவு, எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். நம் வீடுகளில் எல்லா நோவுக்கும் பனடோல்தான், ஆனால் நாயின் ஈரல் மனித ஈரல் போல் அதைக் கையாளாது. இபுபுரோஃபன் அதைவிட மோசம்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் சைவம். நாய்க்கு என்ன போடுவது?

எங்கள் வீட்டிலும் சைவம்தான். பின்பக்கம் தனி அடுப்பு, தனிப் பானை. வியாழன் இரவே கோழிக் கழுத்தோ சாளை மீனோ அவித்து எலும்பு நீக்கி வைத்துவிடுவேன். அதுவும் முடியாத வீட்டில் ஒரு நாள் முட்டையும் தயிர்ச் சோறும் கொடுத்தால் நாய் கோபித்துக்கொள்ளாது. ஏழு நாளும் பருப்புச் சோறு என்றால்தான் நான் கோபிப்பேன்.

வெங்காயம் போட்ட கறி, புரியாணி மிச்சம், முந்திரிகை வற்றல் போட்ட கிறிஸ்மஸ் கேக், சொக்லேட், அவித்த கோழியின் கூர் எலும்பு இவை கூடாது. இந்த நாயின் நெஞ்சு ஆழமானது. ஒரே வேளையில் மூக்குமுட்டத் தின்றுவிட்டு ஓடினால் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளலாம். வயிறு மத்தளம் போல் இறுகி, வாந்தி வராமல் ஓங்காளித்துக்கொண்டு நின்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்; சில மணித்தியாலத்தில் உயிர் போய்விடும். இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், தின்ற பிறகு ஒரு மணித்தியாலம் ஓட விடாதீர்கள்.

கொழும்பு வெயிலுக்கு மயிரை ஒட்ட வெட்டிவிட்டால் நல்லதுதானே?

இல்லை. அதற்கு இரண்டு அடுக்கு மயிர். மேல் அடுக்கு வெயிலைத் தோலில் படாமல் தடுக்கிறது. வெட்டினால் தோல் கருகும், மயிரும் திரும்பச் சீராக முளைக்காமல் போகலாம். தினமும் வாருங்கள். மழைக்காலத்தில் காதுக்குள்ளும் தொடை இடுக்கிலும் ஈரம் நிற்காமல் துடையுங்கள். புழுக்கத்தில் புண் பிடிப்பது அங்கேதான். நடை காலை ஆறரைக்கு முன், மாலை ஆறுக்குப் பின். தார் வீதியில் உங்கள் புறங்கையை வைத்து ஏழு வினாடி பொறுக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் பொறுக்காது.

நாங்கள் தொடர்மாடியில் மூன்றாம் மாடி. எங்களுக்குத் தருவீர்களா?

தருவோம், ஆனால் ஆளைப் பார்த்து. எங்களிடமிருந்து போனவற்றில் நன்றாக இருக்கிற நாய்களில் ஒன்று பம்பலப்பிட்டியில் இரண்டு அறை வீட்டில் வாழ்கிறது. அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். விடியற்காலையில் மரைன் டிரைவ் பக்கம் ஒரு மணித்தியாலம் நடை. பகலில் அவர் பத்திரிகை வாசிக்க, நாய் காலடியில் கிடக்கும். மிக மோசமாகத் திரும்பி வந்த நாய் 40 பேர்ச், அதாவது கால் ஏக்கர் வளவிலிருந்து வந்தது. பகல் முழுவதும் கூடு, இரவில் அவிழ்த்துவிடுவார்கள், யாரும் பேசுவதில்லை. தன் வாலைத் தானே கடித்துப் புண்ணாக்கிக்கொண்டிருந்தது. இடையனைப் பார்த்துக்கொண்டு நடக்கிற நாய் என்று முதல் பதிலில் சொன்னேன். அதற்கு வளவு எவ்வளவு என்று கணக்குத் தெரியாது. ஆள் இருக்கிறாரா என்றுதான் பார்க்கும்.

வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதமும் தொடர்மாடி முகாமைத்துவக் குழுவின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். "வாயால் சொன்னார்" என்பது முதல் முறைப்பாட்டோடு காற்றில் போய்விடும். அயலில் நாயின் எச்சில் படக் கூடாது என்று பேணும் முஸ்லிம் குடும்பம் இருக்கலாம், நாய்க்குப் பயந்த பிள்ளை இருக்கலாம். லிஃப்டில் அவர்கள் இருந்தால் நீங்கள் அடுத்த தடவைக்கு நில்லுங்கள். அவர்கள் கேட்கும் முன்பே நீங்கள் நின்றால் அந்த மாடியில் நாய்க்கு எதிரி குறைவு.

கொஞ்ச நாள் வைத்திருக்கச் சொல்கிறீர்களே, அந்த 'ஃபொஸ்டர்' என்பதில் செலவு யாருடையது? எவ்வளவு நாள்?

வைத்தியச் செலவு எங்கள் பொது உண்டியலிலிருந்து. சாப்பாட்டை முடிந்தவர்கள் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள், முடியாதவர்களுக்கு அரிசியும் கோழியும் கொண்டுபோய்க் கொடுப்போம். காலம் சொல்ல முடியாது. இளம் பெட்டைக்கு மூன்று கிழமையில் வீடு கிடைக்கும். எட்டு வயதுக் கடுவனுக்கு எட்டு மாதமும் ஆகலாம். தேதி குறித்துத்தான் வைத்திருப்பேன் என்றால் தயவுசெய்து முதலிலேயே சொல்லிவிடுங்கள், அடுத்த இடத்தை முன்கூட்டியே பார்க்கலாம்.

உங்களிடம் நாங்கள் எதிர்பார்ப்பது நாயின் குணத்தை எழுதி வைப்பது. எதற்குக் குரைக்கிறது, பூனையை எப்படிப் பார்க்கிறது, தனியாக எவ்வளவு நேரம் இருக்கும் என்ற குறிப்பு இல்லாமல் வீடு தேடுவது சாதகம் இல்லாமல் சம்பந்தம் பேசுவது போல.

வந்து ஒரு கிழமை ஆகிறது. கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது, சொல்வது எதையும் கேட்பதில்லை. காது கேட்காதோ?

எந்த மொழியில் சொல்கிறீர்கள்? சிரிக்காதீர்கள். களனியிலிருந்து வந்த ஒரு கடுவனுக்கு "இங்கே வா" என்று மூன்று நாள் தொண்டை கிழியக் கத்தினோம். பால் கொண்டுவந்த பையன் அதையே சிங்களத்தில் "மெஹே என்ன" என்றான். எழும்பிப் போய் அவன் காலடியில் நின்றது. "இந்தகன்ன" என்றால் இருக்கும், "எபா" (வேண்டாம்) என்றால் விடும். பழைய வீட்டில் என்ன சொல் பழக்கம் என்று கேட்டு வையுங்கள். தெரியாவிட்டால் சிங்களம், தமிழ், "சிட்", "கம்" எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக முயன்று பாருங்கள்.

மொழி பொருந்தினாலும் பொறுமை வேண்டும். மூன்று நாள் மிரட்சி, மூன்று கிழமை வீட்டின் ஒழுங்கு பிடிபட, மூன்று மாதம் இது என் வீடு என்று உணர. இது கைக்கணக்குத்தான். கட்டிலுக்குக் கீழே கையை நீட்டி இழுக்காதீர்கள். நீங்கள் தரையில் இருந்து தேநீர் குடியுங்கள். ஒரு நாள் மூக்கு வெளியே வரும்.

வீட்டில் நாலு வயதுப் பிள்ளை. அம்மம்மாவுக்கும் நாய் என்றால் பயம். கடிக்குமா?

பல் உள்ள எதுவும் கடிக்கும். பிள்ளையுள்ள வீட்டுக்கு, பிள்ளைகளோடு இருந்து பழகியதாக எழுதிவைத்த நாயை மட்டுமே கொடுப்போம். அதற்குப் பிறகும் பெரியவர் இல்லாத அறையில் இருவரையும் விடக் கூடாது. அல்சேஷன் பெரும்பாலும் பிள்ளையைக் கடிப்பதைவிட மேய்க்கப் பார்க்கும்: ஓடுகிற பிள்ளையைச் சுற்றி வரும், இடிக்கும், குதிக்காலை மெல்லக் கவ்வும். நாலு வயதுக்கு அது விளையாட்டாகத் தெரியாது.

அம்மம்மாக்கள் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை அதிகம். "வைரவர் வாகனம், வாசலோடு இருக்கட்டும்" என்று தொடங்குவார்கள். ஆறு மாதத்தில் தன் ரஸ்கில் பாதியை யாருக்கும் தெரியாமல் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

பெட்டையைக் கருத்தடை செய்யாமல் தாருங்கள். ஒரே ஒரு தடவை குட்டி போட்டால் போதும்.

தர மாட்டோம். இந்தக் கேள்விக்கு ஒரு பந்தி போதும்.

இலவசமாகக் கொடுக்கிற நாய்க்கு ஏன் இவ்வளவு விசாரணை? வீட்டுக்கு வேறு வந்து பார்க்க வேண்டுமா?

வந்து பார்த்தால் தெரிகிற விஷயங்கள் தொலைபேசியில் தெரியாது. மதில் உயரம், கேற்றின் கீழ் இடைவெளி, கூட்டில் வெயில் விழும் நேரம். தொலைபேசியில் "நாய்ப் பிரியர்" என்றவர் வீட்டில் வெறும் சங்கிலி மட்டும் தொங்கியது. முந்திய நாய் எங்கே என்றால் "அது செத்துவிட்டது" என்றார், எப்படி என்று சொல்லத் தெரியவில்லை. தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

காவலுக்குத்தான் வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறவரை நான் வெறுக்க மாட்டேன். அல்சேஷன் வீட்டுக்குள் உங்களோடு இருந்தாலும் குரைக்கும். தான் யாரைக் காக்கிறது என்று தெரிந்த நாய்தான் நன்றாகவும் காக்கும். யாழ்ப்பாணத்தில் தோட்டம் இருக்கிறது, வானில் ஏற்றி அனுப்புங்கள் என்கிறவர்களுக்கும் இதே பதில். ஏறத்தாழ 400 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தாலும் பார்த்த பிறகுதான்.

பக்கத்து வீட்டில் சங்கிலியிலேயே கட்டி வைத்திருக்கிறார்கள். இரவில் தூக்கிக்கொண்டு வந்துவிடவா?

சட்டத்தின் கண்ணில் அது களவு. மாட்டிக்கொண்டால் நாயும் அதே சங்கிலிக்குத் திரும்பும். விலங்குகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டினது. அன்றைக்கு விதித்த அதிகபட்சத் தண்டப்பணம் 100 ரூபாய். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. இன்றைக்கு அதைச் சொல்லி யாரையும் மிரட்ட முடியாது. காயம், பட்டினி என்று படத்தோடு காட்ட முடிந்தால் பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள்.

அதற்கு முன் ஒரு வழி உண்டு. பலகாரத் தட்டோடு போங்கள். "உங்கள் நாயை நான் மாலையில் நடத்திக்கொண்டு போகட்டுமா?" என்று கேளுங்கள். நான் கேட்ட வீடுகளில் பலர் கொடுத்தார்கள். சிலர் இரண்டு மாதத்தில், "நீங்களே வைத்துக்கொள்ளுங்களேன்" என்றும் சொன்னார்கள். அந்தச் சொல்லை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் நாய் ஒருவரைக் கடித்துவிட்டது. அதைச் சொன்னால் யாரும் எடுக்க மாட்டார்களே. சொல்லாமல் கொடுக்கலாமா?

முதலில் கடிபட்டவர். காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அரசாங்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விசர்நாய்க்கடி ஊசி அங்கே இலவசம். நாய்க்குத் தடுப்பூசி அட்டை இருந்தால் அதையும் கொண்டு போங்கள். நாயைக் கட்டி வைத்து 14 நாள் கவனிக்கச் சொல்வார்கள். அந்த 14 நாளுக்குள் நாயை எங்கேயும் அனுப்பக் கூடாது, அடித்துக் கொல்லவும் கூடாது. உயிரோடு கண்முன் இருக்கும் நாய்தான் வைத்தியருக்குச் சான்று.

சொல்லாமல் கொடுப்பது பற்றி: கூடாது. எடுக்கிற வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால்? எந்தச் சூழலில் கடித்தது என்பதைச் சொல்லுங்கள். தின்னும்போது கை வைத்தவரைக் கடித்ததும், வீதியில் போனவரைத் துரத்திக் கடித்ததும் ஒன்றல்ல. முதல் வகை நாய்க்குப் பிள்ளைகள் இல்லாத, பழக்கமுள்ள வீடு தேடியிருக்கிறோம். இரண்டாம் வகையில் சிலவற்றுக்கு வீடு கிடைக்கவில்லை. அவை எங்களோடேயே முதுமையடைந்தன.

நாங்கள் குடும்பத்தோடு வெளிநாடு போகிறோம். நாயைக் கொண்டுபோக முடியுமா?

முடியும், ஆனால் விசா வந்த பிறகு யோசிக்கத் தொடங்கினால் முடியாது. பிரித்தானியாவுக்கும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் இலங்கையிலிருந்து போகிற நாய்க்கு முதலில் மைக்ரோசிப், பிறகு விசர்நாய்த் தடுப்பூசி, ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தப் பரிசோதனை. இரத்தம் எடுத்த நாளிலிருந்து இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். வரிசை மாறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இங்கிருந்து வெளியேற கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் சான்றிதழும் வேண்டும்.

கொண்டுபோக முடியாவிட்டால் ஆறு மாதத்துக்கு முன் எங்களிடம் சொல்லுங்கள். உங்களைத் திட்ட மாட்டேன். விமானத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது சொன்னால் மனதுக்குள் திட்டுவேன்.

பத்து வயது நாய், பின்னங்காலை இழுக்கிறது. ஊசி போட்டு அனுப்பிவிடச் சொல்கிறார்கள்.

எதனால் இழுக்கிறது என்று முதலில் பாருங்கள். இடுப்பு மூட்டுத் தேய்வு இந்த இனத்துக்குப் பொதுவானது. நோ குறைக்கும் மருந்து, எடை குறைப்பு, வழுக்காத விரிப்பு, நீச்சல் இவற்றால் பல வருடம் ஓட்டலாம். முதுகுத் தண்டு மெல்ல மெல்லச் செயலிழக்கும் இன்னொரு நோய் உண்டு. பெரும்பாலும் எட்டு வயதுக்கு மேல் வரும். நோ இருக்காது, பாதம் மடிந்து நகம் தேயும், கடைசியில் பின்பக்கம் முழுவதும் விழும். அதற்கு மருந்து இல்லை. ஒரு துவாயை வயிற்றுக்குக் கீழே கொடுத்துத் தூக்கி நடத்தலாம். நாங்கள் ஏழு மாதம் நடத்தினோம்.

எப்போது போதும் என்பதற்கு நான் பார்ப்பது இரண்டு விஷயம்: சாப்பாட்டுச் சட்டிச் சத்தத்துக்குத் தலை தூக்குகிறதா, தன் கழிவில் கிடக்க வெட்கப்படுகிறதா. வைத்தியர் வீட்டுக்கு வந்து செய்வாரா என்று கேளுங்கள். கடைசிப் பயணமாக அதைக் காரில் ஏற்ற வேண்டாம். நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

எங்களால் முடியவில்லை என்றால் திருப்பித் தரலாமா?

எங்களிடம் மட்டும்தான் தரலாம். கையெழுத்து வாங்கும் தாளில் அது முதல் வரி. எத்தனை வருடம் கழிந்தாலும் சரி.

இப்போது உங்களிடம் நாய் இருக்கிறதா?

ஒன்று. கடுவன், ஏழு வயதிருக்கும் என்கிறார் வைத்தியர், 34 கிலோ. இடது காது விழுந்தது. கருத்தடை, தடுப்பூசி, 28 நாள் மருந்து எல்லாம் முடிந்துவிட்டன. சிங்களம் நன்றாகத் தெரியும்; தமிழில் இப்போதைக்கு "சாப்பாடு" மட்டும். பூனை உள்ள வீடு சரிவராது. வெடிச் சத்தத்துக்குக் குளியலறைக்குள் போய்விடும், கதவைத் திறந்து வைக்க வேண்டும். கேற் கொளுக்கியை மூக்கால் தூக்கப் பழகிவிட்டது, ஆகவே பூட்டுப் போடுகிற வீடாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பிறகு வந்து பார்க்கலாம். அதற்கு முன் அது நித்திரை.